நடுவழியில் நின்ற லென்ஸ்: புழுதியும் தோலுறையும் சேர்ந்து செய்த வேலை

மாசி மாதத்தில் என் மேசைக்கு வந்த கேமரா இது. ஒரு இஞ்ச் சென்சார் (படத்தைப் பதியும் சில்லு), பத்து மடங்கு ஜூம், சட்டைப் பையில் கொஞ்சம் புடைத்துக்கொண்டு உட்காரும் அளவு. ஆன் செய்தால் லென்ஸ் பாதிவரை வருகிறது, 'டர்ர்' என்று பல் அரைபடும் சத்தம் கேட்கிறது, நின்றுவிடுகிறது. திரையில் லென்ஸ் பிழை என்று ஒரு வரி. கொஞ்ச நேரத்தில் தானாகவே அணைந்துவிடும். நீட்டிய லென்ஸ் நீட்டியபடியே நிற்கும்.

"மாடு விடுற எடத்துல புழுதி பூந்துடுச்சு தம்பி. மூக்கு வெளியவும் வரல, உள்ளவும் போகல" என்றார் கொண்டுவந்தவர்.

அவர் சொன்னதில் பாதி சரி. மீதியைத் திறந்து பார்த்த பிறகுதான் கண்டுபிடிக்க முடிந்தது. அதை விவரமாக எழுதக் காரணம் இருக்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் கோயில், மலை, திருவிழா என்று சின்ன ஜூம் கேமராவோடு சுற்றுகிறவர்கள் அநேகம் பேர் என்னிடம் வருகிறார்கள். எல்லோருக்கும் முன் கண்ணாடியில் கீறல் விழுந்துவிடுமோ என்பதுதான் கவலை. கண்ணாடி கீறி என்னிடம் வந்த காம்பாக்ட் கேமரா மிகக் குறைவு. கேமராவை முடக்கிப் போடுவது பெரும்பாலும் அந்தக் கண்ணாடியைத் தாங்கி நீளும் குழாய்தான்.

ஐயாவும் அவர் கேமராவும்

சொந்தக்காரர் குடியாத்தம் பக்கத்தில் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். நான் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். நடுகல் எங்கே இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்கு அன்றிரவு தூக்கம் வராது. வட ஆர்க்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்தது, 2019இல் வேலூரும் மூன்றாகப் பிரிந்தது. ஐயாவின் பயணக் கணக்கில் அது இன்னும் ஒரே மாவட்டம். வள்ளிமலை, செங்கம், ஜவ்வாது மலை என்று போய்க்கொண்டே இருப்பார். பஸ் போகும் இடம்வரை பஸ். அதற்கு மேல் அக்கா மகனின் பைக்.

முன்பு அவர் தூக்கிக்கொண்டு அலைந்தது டிஎஸ்எல்ஆர், லென்ஸைக் கழற்றி மாட்டும் பெரிய கேமரா. பாடி, இரண்டு லென்ஸ், சார்ஜர், முக்காலி, இவற்றைப் போட ஒரு முதுகுப்பை. மூன்று கிலோவைத் தாண்டிவிடும். சோளிங்கர் பெரிய மலையில் 1305 படி. முழங்கால் தேய்மானம் உள்ளவர் தண்ணீர் பாட்டிலோடு ஏறுவதே பெரிய விஷயம். இப்போது ரோப் கார் வந்துவிட்டாலும், அவர் பார்க்க விரும்பும் கற்கள் ரோப் கார் போகாத இடங்களில்தான் இருக்கின்றன. ஆகவே கேமராவை மாற்றினார்.

இந்த வகையில் வந்தவற்றைச் சொன்னால் எடை வித்தியாசம் புரியும். மி.மீ. என்பது ஜூமின் அளவு, அது கூடக் கூட தூரத்தில் இருப்பது கிட்டத் தெரியும். சோனி ஆர்எக்ஸ்100 வரிசையின் ஏழாவது மாடல் 24 முதல் 200 மி.மீ. வரை போகும், எடை 302 கிராம். பானசோனிக் டிஇசட்200 24 முதல் 360 மி.மீ. வரை, 340 கிராம். கேனான் எஸ்எக்ஸ்740 என்றால் இன்னும் சின்ன சென்சார், ஆனால் 960 மி.மீ. வரை இழுக்கும், அதுவும் 300 கிராம் வாக்கில்தான். ஐயாவுடையதும் இந்தச் சாதிக் கேமராதான். எந்தக் கம்பெனி என்பது இந்தக் கதைக்கு வேண்டியதில்லை, ஏனென்றால் இவை எல்லாவற்றிலும் ஏற்பாடு ஒன்றே: ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழாய்கள், ஆன் செய்ததும் நீளும், ஆஃப் செய்ததும் மடங்கும்.

போன் போதாதா என்று அவரிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். வள்ளிமலையில் பாறை முகப்பில் உயரத்தில் செதுக்கிய சமண உருவங்களைக் கீழே நின்று எடுத்துப் பார்த்தால் பதில் கிடைக்கும். நடுகல்லுக்கும் அதேதான். செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு, ஏழாம் நூற்றாண்டு. வீரனோடு நிற்கும் நாய்க்கும் அதில் பெயர் பொறித்திருக்கிறது, கோவிவன் என்று. அந்த மாதிரி எழுத்து தெரிய வேண்டுமானால் காலையிலோ சாயங்காலத்திலோ பக்கவாட்டு வெயிலில், கல்லுக்கு நேர் எதிரே சில அடி பின்னால் நின்று, 70 மி.மீ. அளவுக்கு இழுத்து எடுக்க வேண்டும். கிட்டப் போய் அகலக் கோணத்தில் எடுத்தால் கல்லின் தலை பெருத்துக் கால் சிறுத்துவிடும். இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தப் பக்கத்து நடுகற்கள் பல இன்றும் வேடியப்பனாகக் கும்பிடப்படுகின்றன. எண்ணெய், மஞ்சள், குங்குமம் எல்லாம் மேலே இருக்கும். அகலக் கோணத்தில் மேக்ரோ என்று லென்ஸை மூன்று நான்கு சென்டிமீட்டரில் கொண்டுபோனால் குங்குமத் தூள் நீட்டிய குழாயில் ஒட்டும், அதோடு லென்ஸ் உள்ளே மடங்கும். பின்னால் நின்று எடுப்பது படத்துக்கும் நல்லது, குழாய்க்கும் நல்லது. ஐயா இதை ஆரம்பத்திலிருந்தே சரியாகச் செய்துவந்தார்.

மாடு விட்ட அன்று

எங்கள் பக்கத்து மாடு விடும் விழா மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டு மாதிரி மாட்டை அணைத்துப் பிடிப்பது கிடையாது. இரண்டு பக்கமும் தடுப்பு கட்டிய தெருவில் மாட்டை அவிழ்த்து விடுவார்கள். குறிப்பிட்ட தூரத்தை எது குறைந்த நேரத்தில் ஓடிக் கடக்கிறதோ அதற்குப் பரிசு. பொங்கலில் ஆரம்பித்து மாசி வரைக்கும் ஊர் ஊராக நடக்கும். அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தடுப்புக்குப் பின்னால் இடம்பிடித்து நின்றிருக்கிறார் ஐயா.

அவர் சொன்னபடி நடந்தது இது. மாடு தூரத்தில் கிளம்பும்போது முழு ஜூம். நெருங்க நெருங்கக் குறைத்து, தாண்டும்போது அகலம். அடுத்த மாட்டுக்கு நேரமிருந்தால் பேட்டரி மிச்சமாகட்டும் என்று ஆஃப். மறுபடி ஆன், மறுபடி முழு ஜூம். பகல் முழுக்க இப்படியே. சிவப்புப் புழுதி முகத்தில் அப்பியது, வாயில் துண்டு கட்டிக்கொண்டார். முடிந்ததும் அந்தத் துண்டின் நுனியாலேயே கேமராவைத் துடைத்து உறைக்குள் போட்டார்.

மறுநாள் வீட்டில் ஆன் செய்தபோது லென்ஸ் திணறித் திணறி வந்தது. கூட இருந்தவர்கள் பதறி, பக்கத்து டூ வீலர் ஒர்க்‌ஷாப்பில் ஏர் அடித்தால் தூசி போய்விடும் என்று அழைத்துப் போயிருக்கிறார்கள். மெக்கானிக்கும் உதவி செய்யத்தான் நினைத்தார். அடித்தார். அதன் பிறகு லென்ஸ் பாதியைத் தாண்டவே இல்லை.

மேசையில் கண்டது

பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை உண்டு. முதலில் முழுதாக சார்ஜ் ஏற்றிய பேட்டரி போட்டேன். வலு குறைந்த பேட்டரியிலும் இதே பிழை வரும். பிறகு லென்ஸ் எங்கே நிற்கிறது என்று கவனித்தேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் மணலும் பிசுக்கும்தான் பெரும்பாலும் காரணம். ஒரே இடத்தில் நின்றால் பள்ளத்தில் ஏதோ இறுகிக் கிடக்கிறது, இல்லாவிட்டால் கியரில் பல் போயிருக்கிறது. இது ஒரே இடத்தில்தான் நின்றது.

அப்புறம் மெமரி கார்டு. பழுது பார்க்க வரும் காம்பாக்ட் கேமராவில் கார்டைப் பார்க்காமல் நான் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதில்லை. வானம் தெரியும் படங்களைத் தேதி வாரியாகத் திறந்தேன். அணைக்கட்டுப் படங்களில் சாம்பல் நிறப் பொட்டுகள் பல. அது எதிர்பார்த்ததே. ஆனால் மார்கழியில் வள்ளிமலையில் எடுத்த படத்திலும், வலது மேல் மூலையில் ஒரு பொட்டு, அதன் பக்கத்தில் சுருண்ட மயிர் மாதிரி ஒரு கோடு. மாடு விடும் விழாவுக்கு வாரக்கணக்கில் முந்தைய படம் அது! இன்னும் பின்னால் போனேன். ஐப்பசி ஆரம்பத்துப் படங்களில் வானம் சுத்தமாக இருந்தது. தீபாவளிக்குப் பிறகு எடுத்தவற்றில்தான் அந்தச் சுருள் வருகிறது.

"தீபாவளிக்கு அப்புறம் இதுல எதையாவது மாத்தினீங்களா ஐயா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் மாத்தல. மருமவன்தான் உறை ஒண்ணு தைச்சிக் குடுத்தான்."

அந்த உறை மேசையில்தான் கிடந்தது. அக்கா மகன் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறார். நல்ல தோல், நேர்த்தியான தையல், கேமராவுக்கு அளவெடுத்துச் செய்தது. உள்ளே பழுப்பு நிறத்தில் சூயிட் லைனிங், அதாவது மேல்புறம் நார் நாராக இருக்கும் தோல். கேமராவைப் போட்டால் கையுறை போலக் கச்சிதமாக உட்காரும். அந்தக் கச்சிதத்தில்தான் வினை இருந்தது. பவர் பட்டன் மேல்புறம். மடிப்பை இழுத்து மூடும்போது தோல் அந்தப் பட்டனை அழுத்துகிறது. நானே மூடிப் பார்த்தேன், விரலில் தெரிந்தது. பைக்கில் போகும்போது குலுங்கினால் இன்னும் அழுத்தும். பட்டன் அமுங்கினால் கேமரா ஆன். லென்ஸ் வெளியே வர முயலும், எதிரே தோல் சுவர், போக வழியில்லை. மோட்டார் திணறும். கேமரா பிழை காட்டி அணைந்துவிடும். உறைக்குள் நடப்பதால் யாரும் பார்ப்பதில்லை.

கார்த்திகையிலிருந்தே ஐயா ஒரு குறை சொல்லிக்கொண்டிருந்தார்: "வீட்டுல ஃபுல் சார்ஜ் போட்டுட்டு கெளம்புறேன், மலை ஏறினா பாதிதான் இருக்கு." பேட்டரி பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதுசு வாங்கியிருந்தார். பேட்டரிமேல் குற்றமில்லை.

இனி உள்ளே. லென்ஸ் பிளாக்கை வெளியே எடுத்துக் குழாய்களைப் பிரித்தேன். இந்தக் குழாய்கள் எப்படி நகர்கின்றன என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்தது புரியாது. ஒவ்வொரு குழாயின் வெளிப்புறத்திலும் சம தூரத்தில் மூன்று சின்னப் பின்கள். வெளியே இருக்கும் வளையத்தின் உட்புறத்தில் மூன்று சாய்வான பள்ளங்கள். மோட்டார் வளையத்தைச் சுழற்றினால் பின்கள் பள்ளத்தில் ஏறி, குழாய் முன்னால் வரும். மோட்டாருக்கும் வளையத்துக்கும் நடுவே கடுகளவு பிளாஸ்டிக் கியர்கள் வரிசையாக. லென்ஸ் எங்கே இருக்கிறது என்பதைக் கேமரா ஒரு ஒளி உணரியின் துடிப்பை எண்ணித் தெரிந்துகொள்ளும். எதிர்பார்த்த எண்ணிக்கை வராவிட்டால்தான் அந்தப் பிழைச் செய்தி.

மூன்று விஷயங்கள் கிடைத்தன. ஒரு பள்ளத்தில், பின் நின்றுபோன இடத்திலேயே, கிரீஸும் சிவப்புத் தூளும் குழைந்து இறுகிய ஒரு கட்டி. ஊசி முனையால் எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். தூளுக்கு நடுவே பளபளவென்று இரண்டு மணிகள், பழுப்பு நிறத்தில் சில இழைகள். இழை உறையின் சூயிட். மணி நம் ஊர் மண்ணில் எங்கும் இருக்கும் குவார்ட்ஸ். பத்து வரை போகும் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7, சாதாரணக் கண்ணாடி ஆறுக்கும் கீழே. பிளாஸ்டிக் பள்ளம் எங்கே தாங்கும்?

இரண்டாவது, மோட்டாரை ஒட்டிய கியர். அதன் பற்கள் ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருந்தன. லென்ஸை வெளியே தள்ளும்போது சுமை விழும் பக்கம் அது. மணல் மட்டுமே காரணமென்றால், போகவும் வரவும் இரண்டு பக்கமும் தேய வேண்டும். ஒரு பக்கத் தேய்மானம், லென்ஸ் வெளியே வரப் பார்த்து எதிலோ முட்டி முட்டி நின்றதைச் சொல்கிறது. உறைக்குள் நடந்ததுதான்.

மூன்றாவது, உள் குழாயின் சுவரிலும் இரண்டாவது கண்ணாடியின் ஓரத்திலும் காய்ந்த எண்ணெய்த் துளிகள். ஒர்க்‌ஷாப் கம்ப்ரசர் டேங்கில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்துதான் இருக்கும், காற்றோடு வரும். அழுத்தம் நூறு பிஎஸ்ஐக்கு மேல். வெளிக்குழாய் இடுக்கில் ஒட்டியிருந்த மணலை அது இரண்டு குழாய் தாண்டி உள்ளே அனுப்பிவிட்டது.

எது முதல், எது கடைசி

உறை கியரைப் பலவீனமாக்கியது, இழைகளையும் உதிர்த்தது. மாடு விட்ட இடத்துப் புழுதி பள்ளத்தில் சேர்ந்தது. ஏர் அதை ஆழத்துக்குத் தள்ளியது. இதுதான் வரிசை என்பது என் முடிவு. புழுதி மட்டும் வந்திருந்தால் நல்ல கியர் அந்தக் கட்டி இறுகும் முன்பே தாண்டிப் போயிருக்கும், சுத்தம் செய்ய அவகாசம் கிடைத்திருக்கும்.

ஆனாலும் புழுதியை லேசாக விட முடியாது. நீளும் லென்ஸ் என்பது துருத்தி. வெளியே வரும்போது உள்ளே இடம் பெருகுகிறது, அந்த இடத்தை நிரப்பக் குழாய் இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போகிறது, காற்றோடு தூசியும். ஜூமை இழுக்கும் ஒவ்வொரு முறையும் இதுவே நடக்கிறது. தூசி சென்சாரில் போய் உட்கார்ந்தால் படத்தில் பொட்டு. டிஎஸ்எல்ஆர் என்றால் லென்ஸைக் கழற்றி புளோயரால் ஊதிவிடலாம். இதில் லென்ஸைக் கழற்ற முடியாது. சென்சாரைத் தொட வேண்டுமானால் கேமராவையே பிரிக்க வேண்டும். இருபது மெகாபிக்சல் ஒரு இஞ்ச் சென்சாரில் ஒரு பிக்சல் சுமார் 2.4 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 50 மைக்ரான் தூசி ஒன்று விழுந்தால் குறுக்கே இருபது பிக்சல் போச்சு.

உங்கள் கேமராவில் தூசி இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ, முழு ஜூமில், லென்ஸில் ஒளி புகும் துளையை எஃப் 8, எஃப் 11 என்று முடிந்த அளவு சிறிதாக்கி எடுங்கள். ஃபோகஸ் சரியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. எல்லாப் படத்திலும் அதே இடத்தில் பொட்டு வந்தால் அது சென்சாரில்தான். பிம்பம் தலைகீழாக விழுவதால், படத்தில் மேலே தெரிவது சென்சாரில் கீழே இருக்கும். முன் கண்ணாடியில் ஒட்டிய தூசி இப்படிப் பொட்டாகவே தெரியாது. எதிர் வெயிலில் படம் கொஞ்சம் வெளிறும், அவ்வளவுதான். மக்கள் விழுந்து விழுந்து துடைப்பது இந்த முன் கண்ணாடியைத்தான். அதன் மேல் உள்ள பூச்சு மிக மிக மெல்லியது. மண் ஒட்டிய துண்டால் தேய்ப்பதைவிட அப்படியே விட்டுவிடுவது எவ்வளவோ மேல்.

வேக்கும் கிளீனரை லென்ஸில் பொருத்தி ஜூமை இழுத்தால் தூசி வெளியே வந்துவிடும் என்று பரவலாகப் பேசப்படுகிறது. சிலருக்குப் பலித்திருக்கிறது. சிலருக்கு லென்ஸை மூடும் மெல்லிய இதழ்கள் பிய்ந்து வந்திருக்கின்றன. வாரண்டி முடிந்து, கேமராவை எப்படியும் ஒதுக்கப் போகிறோம் என்கிற நிலை வந்தால் தவிர நான் சொல்ல மாட்டேன். குழாயில் எண்ணெய் விடுவதை எந்த நிலையிலும் சொல்ல மாட்டேன். எண்ணெய் நகர்ந்து இதழ்களையும் துளைத் தகடுகளையும் ஒட்டவைத்துவிடும்.

செய்த வேலை

புது லென்ஸ் பிளாக் போடலாம். சென்சாரோடு சேர்ந்து வரும் அதன் விலை, இதே கேமரா செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் விலையில் பாதியைத் தொடும். ஐயாவிடம் கணக்கைச் சொன்னேன். இதே மாடல், போர்டு போன கேமரா ஒன்று என்னிடம் கிடந்தது. அதிலிருந்து கியரை எடுத்துப் போட்டேன். பள்ளங்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, புது கிரீஸ் மெல்லியதாகத் தடவினேன். கட்டி இருந்த பள்ளத்தில் ஒரு மெல்லிய தடம் விழுந்திருக்கிறது, அதை மாற்ற வழியில்லை. சென்சாரையும் இரண்டாவது கண்ணாடியையும் சுத்தம் செய்து பூட்டினேன். சத்தம் போய்விட்டது.

இனி எப்படித் தூக்கிப் போவது

இதை ஐயாவோடு உட்கார்ந்து பேசினோம். அவர் முதலில் கேட்டது ஃபில்டர், லென்ஸுக்கு முன்னால் மாட்டும் காப்புக் கண்ணாடி. காம்பாக்ட் லென்ஸில் அதைத் திருகி மாட்ட மரை கிடையாது. முன் வளையத்தில் ஒட்டி, காந்தத்தில் ஃபில்டர் மாட்டும் வளையங்கள் கிடைக்கின்றன. அது கண்ணாடியைக் காக்கும், குழாய் இடுக்கு திறந்தேதான் இருக்கும். போதாததற்கு நீளும் குழாயின் நுனியில் கூடுதல் எடை. வேண்டாம் என்றேன். பழைய கேனான் ஜி10, ஜி11, ஜி12 கேமராக்களில் லென்ஸைச் சுற்றிய அலங்கார வளையத்தைக் கழற்றி, நீண்ட குழாய் அடாப்டர் ஒன்றைப் பாடியிலேயே மாட்டி, முன்னால் ஃபில்டர் போடலாம். லென்ஸ் அதற்குள்ளேயே வந்து போகும். புழுதிக்கு அதுதான் உண்மையான பாதுகாப்பு. பாக்கெட்டில் அடங்காது என்பது வேறு விஷயம். இன்றைய சின்ன கேமராக்களில் அந்த வசதி அருகிவிட்டது.

உறை விஷயத்தில்தான் அவருக்கு மனசு வரவில்லை. மருமகன் கையால் தைத்தது. ஆனால் தோலுக்கு இன்னொரு குணமும் உண்டு, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த தோலுறைக்குள் நாள்கணக்கில் கேமரா கிடந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கத் தோதான இடம். உறையை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு சுற்றுப் பெரிய நைலான் பையாக வாங்கச் சொன்னேன். உள்ளே நார் உதிராத வழுவழுப்பான துணி, பவர் பட்டனுக்கு மேல் விரல் நுழையும் இடைவெளி, இரண்டும் இருக்க வேண்டும். மருமகன் விடவில்லை. அதே தோலில், பட்டன் இருக்கும் இடத்தில் ஒரு மேடு விட்டு, லைனிங்கை மாற்றி, புதுசாக ஒன்று தைத்துக்கொண்டு வந்து காட்டினார். மூடி, அழுத்தி, குலுக்கிப் பார்த்தேன், பட்டன் அமுங்கவில்லை. நன்றாகவே செய்திருந்தார். மழைக்காலத்துக்கு நைலான், மற்ற நாளுக்குத் தோல் என்று முடிவானது. வீட்டில் இருக்கும்போது கேமரா உறைக்குள் வேண்டாம், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் இருக்கட்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

புழுதி இடத்தில் பழக்கம் மாற வேண்டும். மாடு வரும் முன்பே எந்த ஜூமில் எடுப்பது என்று முடிவுசெய்து அதிலேயே நிறுத்துங்கள். தானாக அணையும் நேரத்தைக் கூட்டி வைத்து, லென்ஸை நீட்டியபடியே விடுங்கள், மாட்டுக்கு மாடு ஆன் ஆஃப் செய்ய வேண்டாம். பேட்டரி குறையும், இன்னொரு பேட்டரி இருபத்தைந்து கிராம்தான், பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம், ஐயாவிடம்தான் ஏற்கெனவே இரண்டு இருக்கிறதே. எடுத்த படத்தைப் பார்க்க வேண்டுமானால் பவர் பட்டனைத் தொடாமல் பிளே பட்டனை அழுத்துங்கள். பல காம்பாக்ட் கேமராக்கள் அப்படி ஆன் செய்தால் லென்ஸை நீட்டுவதில்லை. மூடும் முன் லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து ரப்பர் புளோயரால் குழாயைச் சுற்றி ஊதி, மென்மையான பிரஷ்ஷால் ஒரு சுற்று தட்டிவிட்டு அதன் பிறகே ஆஃப். இது ஒன்றைத் தவறாமல் செய்தால் போதும், மீதியில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் கேமரா தாங்கும்.

காத்திருக்கும் நேரத்தில் கேமராவைப் போட்டு வைக்க ஜிப் கவர் நல்லது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவிலும், வைகாசி முதல் நாள் கூட்டத்தில், எடுக்காத நேரமெல்லாம் அது கவரில் இருக்கலாம். ஆனால் சோளிங்கரிலும் வள்ளிமலையிலும் கையில் பிளாஸ்டிக் கவர் தெரிந்தால் குரங்கு பிடுங்கும். கவரோடு கேமராவும் போகும். மலைக் கோயிலில் கவர் வேண்டாம், மணிக்கட்டில் ஸ்ட்ராப் மட்டும்.

பைக்கைப் பற்றி ஒன்று. கேமராவை டேங்க் கவரிலோ டிக்கியிலோ போடாதீர்கள். இந்த லென்ஸ்களில் கை நடுக்கத்தைச் சமன்செய்ய ஒரு கண்ணாடி மிதந்தபடி இருக்கிறது, இன்ஜின் அதிர்வு அதற்கு ஆகாது. பைக்கில் மாட்டிய ஐபோனின் கேமராவை அதிர்வு கெடுக்கலாம் என்று ஆப்பிள் கம்பெனியே 2021இல் எச்சரித்தது இதே காரணத்துக்காகத்தான். உடம்பில் மாட்டிய பையில் இருந்தால் அதிர்வை உடம்பு வாங்கிக்கொள்ளும். பெரும்பாலான கேமராக்களுக்கு 40 டிகிரி வரைதான் இயங்கும் வெப்பம் என்று கையேட்டில் போட்டிருக்கும். வேலூர் கத்திரி வெயில் வெளியிலேயே அதைத் தாண்டும், டிக்கிக்குள் சொல்ல வேண்டியதில்லை.

பழுது பார்த்த பிறகு அதே கேமரா ஜவ்வாது மலைக்குப் போய் வந்தது. வந்ததும் ஐயா வானத்தை முழு ஜூமில் எடுத்த படம் ஒன்றைக் காட்டினார். பொட்டு இல்லை. பேட்டரியும் சாயங்காலம்வரை நின்றது என்றார். பள்ளத்தில் விழுந்த தடம் மட்டும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அடுத்த பொங்கலுக்கு மாடு விட ஆரம்பிக்கும் முன் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறேன். மறுபடி அதே இடத்தில் லென்ஸ் தயங்கினால் இனி கியர் மாற்றிப் பயனில்லை, லென்ஸ் பிளாக்தான் போட வேண்டும். அந்தப் பணத்தை இதில் போடுவதா, வேறு கேமரா பார்ப்பதா என்று அவரே முடிவுசெய்யட்டும்.